பழைய வால்வு டிவிக்கு ஈஎச்டி காயில் எங்கயும் சிக்கல, செய்ய முடியுமா? (நாப், டிராப்பர், கண்டன்சர் கதையும் இங்கயே)

திரைவெளிச்சம்
எல்லாருக்கும் வணக்கம். ஒரு 17 இன்ச் கருப்பு வெள்ளை டிவி கைக்கு வந்திருக்கு, முழுக்க வால்வு, 625 லைன், பி சீரிஸ், ஹீட்டர் எல்லாம் வரிசையா 300 மில்லி ஆம்ப். மரப்பெட்டி சூப்பரா இருக்கு, உள்ள தான் கதை. ஆன் பண்ணா ஸ்பீக்கர்ல இரைச்சல் வருது, திரை கும்மிருட்டு, பிஎல்36 (ஈஎச்டி காயிலை ஓட்டுற லைன் அவுட்புட் வால்வு) தகடு கொஞ்ச நேரத்துல செவசெவன்னு ஆயிடுது, உடனே ஆஃப் பண்ணிட்டேன். ஈஎச்டி காயில், அதான் பிக்சர் டியூபுக்கு ஆயிரக்கணக்குல வோல்ட் குடுக்குறது, போச்சுன்னு நெனைக்கிறேன். அதுமேல இருக்குற நம்பரை போட்டு தேடித்தேடி பாத்தாச்சு, ஒண்ணும் சிக்கல. இதுபோக சேனல் நாப் காணோம், ஹீட்டர் வரிசைக்கு வோல்டேஜை இறக்குற டிராப்பர் ரெசிஸ்டர்ல ஒரு துண்டு ஓபன் ஆகி யாரோ அதுமேல சும்மா கம்பி போட்டு ஒட்டி வச்சிருக்காங்க. எதுல ஆரம்பிக்கிறது?

வால்வுசூடு
மொதல்ல பிளக்க புடுங்கி தூர வைங்க ஜி. டிராப்பர்ல ஒரு துண்டை ஷார்ட் பண்ணி வச்சிருக்காங்கன்னா ஹீட்டர் வரிசை முழுக்க அதிக கரண்ட் ஓடிட்டு இருக்கு, நீங்க ஆன் பண்ற ஒவ்வொரு தடவையும் வால்வோட ஆயுசு போகுது, பிக்சர் டியூபோட ஹீட்டரும் அதே வரிசைல தான் இருக்கு. அது போச்சுன்னா மத்த எதை தேடியும் பிரயோஜனம் இல்ல.

இன்னொண்ணு, இந்த மாதிரி செட்ல டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, மெயின்ஸோட ஒரு கால் நேரா சேஸ்ல (எல்லாம் மாட்டியிருக்குற உலோகத் தகடு) உக்காந்திருக்கும். பிளக்கை திருப்பி சொருகுனா சேஸே லைவ். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம இதுல கை வைக்காதீங்க, ஆசிலோஸ்கோப் மாட்டவே மாட்டாதீங்க.

பிஎல்36 சிவக்குதுன்னா ஈஎச்டி தான்னு முடிவு கட்டாதீங்க. கிரிட்டுக்கு டிரைவ் (ஆசிலேட்டர்ல இருந்து வர்ற சிக்னல்) வரலன்னாலும் சிவக்கும், ஏன்னா அந்த வால்வுக்கு நெகட்டிவ் பயாஸே டிரைவ்ல இருந்து தான் கிடைக்குது. கப்ளிங் கண்டன்சர் லீக் ஆனாலும் சிவக்கும், பூஸ்ட் கண்டன்சர் ஷார்ட்னாலும் அதே கதை. நல்ல காயிலை செத்துப்போச்சுன்னு கழட்டி போட்டவங்க நெறைய பேர்.

ஈயப்புகை
வால்வுசூடு சொன்னது சரி, ஆனா அதுக்கும் முன்னாடி பிக்சர் டியூபை பாருங்க. இந்த செட்ல இருக்குற மத்த எல்லாத்தையும் எப்படியாவது செய்யலாம், சுத்தலாம், வார்க்கலாம், வேற ஒண்ண வச்சு ஒப்பேத்தலாம். டியூபை மட்டும் நம்மால செய்ய முடியாது. பழைய டியூபை கழுத்துல வெட்டி புது எலக்ட்ரான் கன் வச்சு திரும்ப வேக்குவம் இழுத்து குடுத்துட்டு இருந்த இடங்களே ஒண்ணொண்ணா மூடிட்டாங்க, அமெரிக்கால ஹாக்ஐ 2010ல நிறுத்துனாங்க, பிரான்ஸ்ல ஆர்ஏசிஎஸ் 2013ல. ஒஹாயோ மாநிலத்துல ஏர்லி டெலிவிஷன் மியூசியம் அந்த ஹாக்ஐ மெஷின்களை வாங்கி வச்சு மறுபடி ஓட்ட முயற்சி பண்ணாங்க. நாம வீட்டு மேசைல பண்ற வேலை இல்ல அது.

கழுத்துக்குள்ள கண்ணாடில வெள்ளி மாதிரி ஒரு பூச்சு இருக்கும், கெட்டர்னு சொல்வோம். அது கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தா வேக்குவம் இருக்கு. பால் மாதிரி வெளுத்துட்டா காத்து பூந்துடுச்சு, அதோட அந்த டியூப் முடிஞ்சது. கெட்டர் நல்லா இருந்தா ஹீட்டர் கன்டினியுட்டி பாருங்க, அப்புறம் யார்கிட்டயாவது டெஸ்டர் இருந்தா எமிஷன் (கன் எலக்ட்ரான் விடுற அளவு) பாருங்க. இது மூணும் ஓகேன்னா மட்டும் ஈஎச்டியை பத்தி கவலைப்படுங்க. டியூப் போன செட்டுக்கு மாசக்கணக்கா காயில் தேடுறது வேஸ்ட்.

திரைவெளிச்சம்
கெட்டர் வெள்ளி மாதிரி பளிச்னு இருக்கு. ஹீட்டர் கன்டினியுட்டி இருக்கு. நண்பர் ஒருத்தர் டெஸ்டர் எடுத்துட்டு வந்தார், முள்ளு பச்சைல ஏறுது, ஏற கொஞ்சம் நேரம் எடுக்குது. டியூப் தேறும்னு அவர் சொல்றார்.

அடுத்து டிராப்பர். பீங்கான் குழாய்ல கம்பி சுத்துன நீளமான சாமான், நாலஞ்சு டேப் இருக்கு, அதே மாதிரி எங்கயும் இல்ல. ஹீட்டர் எல்லாத்தையும் கூட்டி பாத்தேன், மொத்தம் 150 வோல்ட் வருது. சப்ளை 230.

வால்வுசூடு
கூட்டிப் பாத்தது நல்ல வேலை, முக்கால்வாசி பேர் அதை செய்றதில்ல. 230ல 150 போனா 80 வோல்ட், 0.3 ஆம்ப், ஆக 267 ஓம், 24 வாட் வெறும் சூடு. அலுமினியம் உடம்பு போட்ட வயர்வவுண்ட் ரெசிஸ்டர் 50 வாட் எடுத்து சேஸ் தகட்டுல இறுக்கி மாட்டுங்க, பழைய பீங்கானை அழகுக்கு அப்படியே விட்டுடலாம். அதோட ஹீட்டர் ஜில்லுனு இருக்கும்போது ரெசிஸ்டன்ஸ் ரொம்ப கம்மி, அதனால ஆன் பண்ண உடனே கரண்ட் எகிறும். வரிசைல தெர்மிஸ்டர் இருந்தா அதை தூக்கிடாதீங்க, உடைஞ்சிருந்தா மாத்துங்க.

பேப்பர்கண்டன்சர்
24 வாட்டை எதுக்கு பெட்டிக்குள்ள எரிக்கணும்? கண்டன்சர் டிராப்பர் போடுங்க. ஆனா கணக்கு நேரா கழிக்கிற கணக்கு இல்ல, கண்டன்சர்ல விழுற வோல்டேஜும் ஹீட்டர் வோல்டேஜும் 90 டிகிரி தள்ளி இருக்கும், அதனால ஸ்கொயர் போட்டு கழிச்சு ரூட் எடுக்கணும். 230 ஸ்கொயர்ல 150 ஸ்கொயர் போனா ரூட் 174 வோல்ட். 0.3 ஆம்புக்கு 581 ஓம். 50 ஹெர்ட்ஸுக்கு அது கிட்டத்தட்ட 5.5 மைக்ரோஃபேரட். மோட்டார் ரன் டைப், ஏசி வோல்டேஜ் ரேட்டிங் போட்டது தான் வாங்கணும், டிசி 400 வோல்ட்னு போட்டதை இங்க மாட்டக்கூடாது. சூடே கிடையாது, அதுவும் போக ஆன் பண்ணும்போது ஹீட்டர் எவ்ளோ ஜில்லுனு இருந்தாலும் கரண்ட் 0.4 ஆம்பை தாண்டாது, கண்டன்சரே தடுத்துடும். குறுக்க ஒரு டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் போட மறந்துடாதீங்க, இல்லன்னா பிளக்கை கழட்டுனப்புறம் அந்த பின்னை தொட்டா உதறும்.

ஓல்டுஸ்டாக்
டையோடு ஒண்ணு போட்டாலும் வேலை ஆகும். பாதி அலை போயிடும், 230 ஆர்எம்எஸ் 163 ஆயிடும், மிச்சம் 13 வோல்டுக்கு 43 ஓம் போட்டா முடிஞ்சது.

வால்வுசூடு
ஆகும், ஆனா டையோடு என்னைக்காவது ஷார்ட் ஆச்சுன்னா முழு 230ம் 150 வோல்ட் ஹீட்டர் வரிசைல இறங்கும், பிக்சர் டியூபும் சேத்து. கண்டன்சரும் ஷார்ட் ஆகலாம்னு சொல்வீங்க, சரிதான், எதை போட்டாலும் ஹீட்டர் வரிசைக்குன்னு தனி ஃபியூஸ் வேணும். டையோடு போட்டப்புறம் சாதா மல்டிமீட்டர்ல ஏசி ரேஞ்சுல பாத்து செட் பண்ணவும் முடியாது, பாதி அலைக்கு அது தப்பா காட்டும், ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர்லயும் சிலது டிசி பங்கை விட்டுட்டு தான் படிக்கும். என் ஓட்டு கண்டன்சருக்கு.

திரைவெளிச்சம்
கண்டன்சரே போட்டுட்டேன், ஃபியூஸோட. ஹீட்டர் கரண்ட் 295 மில்லி ஆம்ப் காட்டுது.

டிரைவ் எப்படி பாக்குறது? பிஎல்36 மேல இருக்குற தொப்பியை கழட்டிட்டு ஓட்டலாமா?

சுருள்சுற்றி
தொப்பியை மட்டும் கழட்டிட்டு ஓட்டாதீங்க! ஆனோடுக்கு சப்ளை இல்லன்னா ஸ்கிரீன் கிரிட் மொத்த கரண்டையும் இழுத்து வெந்துடும், வால்வு காலி. ஸ்கிரீனுக்கு போற ரெசிஸ்டரோட ஒரு காலை தூக்கிடுங்க, அப்புறம் கண்ட்ரோல் கிரிட்ல டிஜிட்டல் மீட்டர் வச்சு பாருங்க. நெகட்டிவ்ல சில பத்து வோல்ட் வந்தா ஆசிலேட்டர் ஓடுது. ஜீரோவோ பாசிட்டிவ்வோ காட்டுச்சுன்னா உங்க ஈஎச்டி மேல தப்பே இல்ல.

அப்படியே அந்த ஸ்கிரீன் ரெசிஸ்டரையும் அளந்துடுங்க. பழைய கார்பன் ரெசிஸ்டர் எல்லாம் வயசாக வயசாக மதிப்பு ஏறிடும், அதுவும் அதிக வோல்டேஜ் இருக்குற இடத்துல இருக்குறது.

திரைவெளிச்சம்
மைனஸ் 40 பக்கம் வருது. பூஸ்ட் கண்டன்சரை புதுசு போட்டாச்சு, கப்ளிங் கண்டன்சரும் மாத்தியாச்சு. திரும்ப மாட்டி ஓட்டுனேன், சிவக்குறது கொஞ்சம் கம்மி, ஆனா ஈஎச்டி இல்ல. பூஸ்ட் டையோடு வால்வு பிஒய்81 வேற ஒண்ணு மாத்தி பாத்தாச்சு, அதே தான்.

சுருள்சுற்றி
இப்ப தான் காயிலை சந்தேகப்படலாம். ரிங் டெஸ்ட் பண்ணுங்க. செட் ஆஃப், பிளக் வெளிய, டியூபோட ஆனோடு டிஸ்சார்ஜ் பண்ணியாச்சு, யோக் (டியூப் கழுத்துல கதிரை வளைக்குற காயில்) வயரையும் கழட்டியாச்சு. சின்ன கண்டன்சர் வழியா ஒரு பல்ஸை பிரைமரில குடுத்து ஸ்கோப்ல பாருங்க. நல்ல காயில்னா மணி அடிச்ச மாதிரி அலை மெல்ல மெல்ல தேஞ்சு போகும், எட்டு பத்து அலை எண்ணலாம். ஒரே ஒரு சுத்து ஷார்ட் ஆகியிருந்தாலும் ரெண்டு மூணு அலைல படுத்துடும். யோக்கையும் தனியா இதே மாதிரி பாருங்க, யோக் ஷார்ட்னாலும் இதே அறிகுறி தான்.

காயில் படுத்துச்சுன்னா அடுத்த கேள்வி எந்த சுருள்னு. ஈஎச்டிக்கு மேல டயர் மாதிரி மெழுகு பூசுன ஒரு தனி சுருள் இருக்கும், ஓவர்வைண்டிங். தொண்ணூறு சதம் அது தான் போயிருக்கும். அதை கண்டுபிடிக்க வயரை மட்டும் கழட்டுனா போதாது, உள்ள ஷார்ட் ஆன சுத்து கோர்ல இருக்குற வரைக்கும் காந்தத்தை இழுத்துட்டே இருக்கும், சுருளையே கோர்ல இருந்து உருவி எடுத்துட்டு திரும்ப ரிங் பண்ணணும். ஃபெரைட் கோர் ரெண்டு பாதியா இருக்கும், நடுவுல மெல்லிசா காகிதமோ பிளாஸ்டிக்கோ இருக்கும், அதை தொலைச்சுடாதீங்க, அது கேப், கோரோட இடைவெளி. அதே தடிமன்ல திரும்ப வைக்கணும். கோரை ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பாதீங்க, பிஸ்கட் மாதிரி ஒடையும்.

பேப்பர்கண்டன்சர்
அவர் சுருளை உருவுற நேரத்துல ஒரு விஷயம் கேக்கறேன். மிச்ச பேப்பர் கண்டன்சர் எல்லாம் இன்னும் செட்ல இருக்கா? மெழுகு பூசுன பழுப்பு குழாய், கருப்பு வார்ப்பு உடம்பு, எதுவா இருந்தாலும் ஒண்ணு விடாம தூக்குங்க. மல்டிமீட்டர்ல வச்சு பாத்து மதிப்பு சரியா இருக்கேன்னு விட்டுடாதீங்க, லீக் ஆகுற பேப்பர் கண்டன்சர் பல சமயம் மதிப்பை கூடுதலா தான் காட்டும். அதோட வேலை வோல்டேஜ்ல வச்சு பாத்தா தான் லீக் தெரியும். 630 வோல்ட் பாலிப்ராப்பிலீன் போட்டா போதும், செட்டோட ஆயுசுக்கும் மறந்துடலாம்.

ஓல்டுஸ்டாக்
ஆரம்பிச்சுட்டாரு. ஒரே நாள்ல முப்பது கண்டன்சரை மாத்திட்டு ஆன் பண்ணி, ஒண்ணும் வேலை செய்யலன்னு இங்க வந்து நிப்பாங்க, முப்பதுல எதை தப்பா மாட்டுனாங்கன்னு யாருக்கு தெரியும். நாலு மாத்துங்க, ஆன் பண்ணுங்க, பழைய மாதிரியே ஓடுதான்னு பாருங்க, அப்புறம் அடுத்த நாலு. அப்புறம், மைக்காவையும் செராமிக்கையும் தொடாதீங்க. ஆசிலேட்டர், ஐஎஃப் (இடைநிலை அலைவரிசை) பக்கத்துல இருக்குற சில செராமிக் கண்டன்சர் சூட்டுக்கு ஏத்த மாதிரி மதிப்பு மாறுறதுக்குன்னே வச்சது, அந்த இடத்துல சாதா செராமிக் போட்டா செட் சூடாக சூடாக அலைவரிசை நகரும்.

பழசோட தோற்றம் வேணும்னா பழைய குழாய்க்குள்ளயே புதுசை சொருகலாம். ஹேர் டிரையர்ல சூடு காட்டுனா மெழுகு இளகி உள்ள இருக்குறது வழுக்கிட்டு வந்துடும், புது கண்டன்சரை வச்சு ரெண்டு முனையும் பழைய மெழுகாலயே மூடிடலாம். அலுமினிய கேன் எலக்ட்ரோலிட்டிக்கையும் அடிப்பக்கம் வெட்டி இதே மாதிரி பண்ணலாம், நாலு பகுதி இருந்த கேன்ல இன்னைக்கு நாலு சின்ன கண்டன்சர் தாராளமா உக்காரும்.

பேப்பர்கண்டன்சர்
சேஸுக்கு அடில யார் பாக்கப்போறா? வீண் வேலை.

ஓல்டுஸ்டாக்
அடுத்து அந்த செட்டை திறக்கப்போறவன் பாப்பான். அவனுக்கு எது ஒரிஜினல் எது நீங்க போட்டதுன்னு புரியணும். குழாய்க்குள்ள சொருகுனீங்கன்னா உள்ள ஒரு துண்டு காகிதத்துல என்ன வச்சேன்னு எழுதி போடுங்க.

திரைவெளிச்சம்
டயரை உருவிட்டு ரிங் பண்ணேன். பிரைமரி அருமையா அடிக்குது, பன்னெண்டு அலை வரைக்கும் எண்ணுனேன். டயரை திரும்ப சொருகுனா மூணு. அப்போ ஓவர்வைண்டிங் தான். மெழுகு ஒரு பக்கம் கருகியும் இருக்கு.

இப்ப என்ன பண்றது?

சுருள்சுற்றி
வழி நாலு இருக்கு, எல்லாத்தையும் சொல்றேன்.

சில சமயம் மெழுகுல ஈரம் ஏறி தான் படுத்துருக்கும், கருகல் இல்லன்னா மெழுகு உருகாத அளவு சூட்டுல ரொம்ப நேரம் காய வச்சு பாக்கலாம், அப்படி உயிர் வந்த காயில்கள் உண்டு. உங்களுது கருகிடுச்சு, விடுங்க.

ரெண்டாவது, வேற செட்ல இருந்து எடுக்குறது. நம்பர் போட்டு தேடாதீங்க, அந்த நம்பர் அந்த கம்பெனிக்கு மட்டும் தான் தெரியும். அதே கம்பெனி அதே காலத்துல விட்ட மத்த மாடல் எதுன்னு பாருங்க, உள்ள இருக்குற சேஸ் பெரும்பாலும் ஒண்ணா தான் இருக்கும், பெட்டி தான் வேற. அதுவும் இல்லன்னா டியூபோட டிஃப்ளெக்ஷன் கோணம் 70ஆ 90ஆ 110ஆ, வால்வு ஜோடி என்ன, இது ரெண்டும் ஒத்துப்போற செட்டா தேடுங்க. ஈஎச்டியும் யோக்கும் ஒரு ஜோடி, முடிஞ்சா ரெண்டையும் சேத்தே எடுங்க. கொஞ்சம் புது காலத்து டிரான்சிஸ்டர் செட், கலர் செட்னா எச்ஆர் டீமன், கோனிக் மாதிரி ஆளுங்க போட்ட மாற்று காயில்களோட பொருத்தப் பட்டியல் இருக்கு, எந்த காயில் எத்தனை மாடலுக்கு ஒத்துப்போகும்னு அதுல தெரிஞ்சுடும். வால்வு செட்டுக்கு அந்த சொகுசு கம்மி.

மூணாவது, ஓவர்வைண்டிங்கை தூக்கிட்டு வோல்டேஜ் மல்டிப்ளையர் போடுறது. பிஎல்36 ஆனோடுல ஏற்கனவே அஞ்சாயிரம் வோல்ட் சொச்சம் பல்ஸ் இருக்கு. வோல்டேஜை மூணு மடங்காக்குற கலர் டிவி டிரிப்ளரை அங்க கொடுத்தா பதினஞ்சாயிரம் பக்கம் வந்துடும், ஈஎச்டி ரெக்டிஃபையர் வால்வும் தேவையில்ல. வேலை செய்யும், பாக்க தான் கேவலமா இருக்கும். ஓவர்வைண்டிங் இல்லாததால டியூனிங் மாறும், அகலம் மாறும், அதை சரி பண்ணணும்.

நாலாவது, சுத்துறது. எனக்கு பிடிச்சது இது.

திரைவெளிச்சம்
சுத்தறேன். எத்தனை சுத்துன்னு எப்படி தெரியும்? பிரிக்க பாத்தேன், கம்பி தலைமுடியை விட மெல்லிசு, மெழுகோட ஒட்டி அறுந்து அறுந்து வருது.

சுருள்சுற்றி
பிரிக்கவே வேண்டாம். பிரைமரி நல்லா இருக்குல்ல, கோர்ல நீங்களே ஒரு பத்து சுத்து கம்பி சுத்துங்க. சிக்னல் ஜெனரேட்டர்ல 10 கிலோஹெர்ட்ஸ் எடுத்து பிரைமரிக்கு குடுங்க, ரெண்டுலயும் ஸ்கோப்ல வோல்டேஜ் பாருங்க, விகிதத்தை வச்சு பிரைமரி எத்தனை சுத்துன்னு வந்துடும். பேச்சுக்கு 800ன்னு வச்சுக்குவோம். ஆனோடு பல்ஸ் 5.5 கிலோவோல்ட், வேண்டிய ஈஎச்டி 15ன்னா மிச்சம் 9.5ஐ ஓவர்வைண்டிங் தரணும். 9.5ஐ 5.5ஆல வகுத்து 800ஆல பெருக்குங்க, 1380 சுத்து. கொஞ்சம் முன்ன பின்ன ஆகும், பரவால்ல. கூட போட்டு அதிக ஈஎச்டிக்கு ஆசைப்படாதீங்க, படம் சுருங்கும், இன்சுலேஷனும் தாங்காது.

சுத்துற விதம் தான் முக்கியம். பாபின்ல நூல் சுத்துற மாதிரி நேரா அடுக்கு அடுக்கா சுத்துனா பக்கத்து பக்கத்து அடுக்குக்கு நடுவுல நூத்துக்கணக்குல வோல்ட் நிக்கும், ஓரத்துல பொரிஞ்சுடும். கம்பி இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் சாய்வா போய் வந்துட்டே இருக்கணும், குறுகலான டயர் மாதிரி ஏறும், ஒரு தடவை போன தடத்துக்கு ஒட்டி அடுத்த தடம் விழுற மாதிரி கியர் விகிதத்தை முழு எண்ணுக்கு ஒரு துளி தள்ளி வைக்கணும். பழைய கை மெஷின் கிடைச்சா அதிர்ஷ்டம். இல்லன்னா ரெண்டு ஸ்டெப்பர் மோட்டார், ஒரு ஆர்டுயினோ கன்ட்ரோலர் போர்டு, ஒரு மோட்டார் சுத்தும் ஒண்ணு கம்பியை இட வலம் ஆட்டும். கியரே வேண்டாம், விகிதத்தை புரோகிராம்ல மாத்திக்கலாம்.

ஈயப்புகை
மேல என்ன பூசுறது? எபாக்சின்னு சில பேர் சொல்றாங்க.

சுருள்சுற்றி
எபாக்சில காத்து குமிழி மாட்டிக்கிட்டா அந்த குமிழிக்குள்ள தான் மொதல்ல கரோனா (அதிக வோல்டேஜ்ல வர்ற மின்கசிவு) ஆரம்பிக்கும், கொஞ்சம் கொஞ்சமா அரிச்சு ஒருநாள் ஓட்டை போட்டுடும். வேக்குவம் சேம்பர் வச்சிருக்கவங்க பண்ணலாம். மத்தவங்களுக்கு மெழுகு தான் நல்லது, தப்பா போனா உருக்கிட்டு திரும்ப பண்ணலாம். வெறும் பாரஃபின் போடாதீங்க, 50, 60 டிகிரிலயே இளகிடும், ஈஎச்டி கூண்டுக்குள்ள அந்த சூடு சாதாரணம். மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகுல உருகுற சூடு அதிகமா இருக்குற ரகம் வாங்குங்க. சுருளை மொதல்ல மிதமான சூட்டுல காய வச்சு ஈரத்தை எடுத்துட்டு, உருகுன மெழுகுக்குள்ள முக்கி குமிழி வர்றது நிக்குற வரைக்கும் விடுங்க. சால்டர் முனை எங்கயும் ஊசி மாதிரி நீட்டக்கூடாது, உருண்டையா விடுங்க.

நாப்தேடி
சேனல் நாப் பத்தி யாரும் பேசல. வால்யூம் நாப் இருக்கா, அதே டிசைனா? இருந்தா சிலிக்கோன் ரப்பர்ல அச்சு எடுத்து பாலியூரித்தேன் ரெசின் ஊத்துங்க, அச்சு அசலா வரும், கோடு, பள்ளம் எல்லாமே. தண்டு போற ஓட்டையை மட்டும் ரெசின்ல நம்பாதீங்க, பித்தளை குழாய் துண்டு ஒண்ணை உள்ள வச்சு ஊத்துங்க. தண்டை காலிபர் வச்சு அளங்க, 6 மில்லியும் கால் இன்ச்சும் பாத்தா ஒண்ணு மாதிரி இருக்கும், கால் இன்ச்னா 6.35, இதை அதுல மாட்டுனா ஆடும்.

3டி பிரிண்ட் பண்றதா இருந்தா வெளிய இருக்குற நாப்புக்கு எதுவும் ஓகே, உள்ள இருக்குற பிராக்கெட், யோக் கவ்வி மாதிரி சாமானுக்கு பிஎல்ஏ போடாதீங்க, 60 டிகிரி பக்கத்துல வளைய ஆரம்பிச்சுடும். பிஇடிஜி பரவால்ல, ஏபிஎஸ் இன்னும் நல்லது.

வால்வுசூடு
பித்தளை குழாய்ன்னதும் சொல்லியே ஆகணும். இது லைவ் சேஸ் செட். தண்டும் லைவ் ஆகலாம், பித்தளையும் லைவ், அதை இறுக்குற சின்ன ஸ்க்ரூவும் லைவ். விரல் படுற எடத்துல ஸ்க்ரூ தலை இருக்கக்கூடாது. அந்தக் காலத்துல ஸ்க்ரூவை உள்ள இறக்கிட்டு மேல மெழுகு வச்சு அடைச்சு தான் அனுப்புவாங்க. நாப்பை செஞ்சு முடிச்சப்புறம் மெகர் (இன்சுலேஷன் பாக்குற மீட்டர்) வச்சு தண்டுக்கும் நாப்போட வெளிப்புறத்துக்கும் நடுவுல ஒரு தடவை பாத்துடுங்க.

சும்மாவந்தவன்
இவ்ளோ கஷ்டம் எதுக்கு? உள்ள இருக்குற எல்லாத்தையும் தூக்கிட்டு ஒரு எல்சிடி பேனலை வச்சா வேலை முடிஞ்சது, வெளிய பாக்க அதே டிவி.

ஓல்டுஸ்டாக்
கழட்டுன சேஸை தூக்கி போடாம எங்க யாருக்காவது குடுங்க சார். உங்க எல்சிடி பெட்டில இருந்து வர்ற ஒவ்வொரு வால்வும் காயிலும் இங்க ஒருத்தருக்கு தேவைப்படும். நெசமா தான் சொல்றேன், என்கிட்ட இருக்குற ஸ்பேர்ல பாதி அப்படி வந்தது தான்.

கலர்காரன்
இழைக்கு நடுவுல வர்றேன், மன்னிக்கணும். என்னோடது பழைய கலர் டிவி, லைன் அவுட்புட் டிரான்சிஸ்டர் பியு508 மாத்த மாத்த போயிட்டே இருக்கு. டூப்ளிகேட்டா வருதா?

ஈயப்புகை
டூப்ளிகேட்டும் இருக்கு, ஆனா ரெண்டு விஷயம் பாத்துட்டு சொல்லுங்க. ஒண்ணு, பழசு பியு508டின்னா உள்ளயே டாம்பர் டையோடு இருக்கும், நீங்க 508ஏ மாட்டியிருந்தா அந்த டையோடு இல்ல, போர்டுல வெளிய தனி டையோடும் இல்லன்னா நிச்சயமா போகும். ரெண்டு, கலெக்டர்ல இருந்து கிரவுண்டுக்கு 1600 இல்ல 2000 வோல்ட் கண்டன்சர் ஒண்ணு இருக்கும், டியூனிங் கண்டன்சர். அது ஓபன் ஆனாலோ மதிப்பு கொறஞ்சாலோ ரிட்ரேஸ் நேரம் (கதிர் திரும்பி வர்ற நேரம்) குறையும், பல்ஸ் உயரம் எகிறும், டிரான்சிஸ்டர் போகும், போகலன்னா ஈஎச்டி ஏறி எக்ஸ்ரே வரைக்கும் போகும். அந்த இடத்துல பல்ஸ் தாங்குற பாலிப்ராப்பிலீன் மட்டும் தான், அதே மதிப்பு, அதே வோல்டேஜ். கைல கெடச்ச பாலியெஸ்டரை போட்டா சூடாகியே செத்துடும்.

டூப்ளிகேட் சந்தேகம்னா அசிட்டோன் தொட்டு எழுத்தை துடைச்சு பாருங்க, பழைய எழுத்து அடில தெரிஞ்சா முடிஞ்சது கதை. செத்ததை ஒடைச்சும் பாக்கலாம், நல்ல பார்ட்டோட ஒப்பிட்டா போலில உள்ள இருக்குற சில்லு பொடிசா இருக்கும். மிச்சத்தை தனி இழைல கேளுங்க, இங்க வால்வு ஓடுது.

திரைவெளிச்சம்
சுத்தி முடிச்சுட்டேன். பிரைமரி கணக்கு 760 வந்துச்சு, ஓவர்வைண்டிங் 1300 போட்டேன். ஸ்டெப்பர் முறை தான், கம்பி 0.08 மில்லி. மொதல் சுருள் பாதில அறுந்துச்சு, கம்பியோட இழுவையை குறைச்சு, ஸ்பூலை ஃப்ரீயா விட்டப்புறம் சரியாச்சு. மெழுகுல முக்கி எடுத்து ரிங் பண்ணா பத்து அலை. மாட்டி ஓட்டுனேன், பிஎல்36 சிவக்கல, திரைல வெளிச்சம் வந்துடுச்சு, மாடுலேட்டர் (வீடியோவை டிவி சேனல் சிக்னலா மாத்துறது) வச்சு படமும் விட்டாச்சு. ஹை வோல்டேஜ் ப்ரோப்ல 14.2 கிலோவோல்ட்.

பிரச்சினை ஒண்ணு தான், ரெண்டு பக்கமும் விரலகலம் கருப்பு. விட்த் கண்ட்ரோலை முழுசா திருப்பியும் போகல. இன்னொரு சந்தேகம், கண்ணாடிக்கும் டியூபுக்கும் நடுவுல ஓரமா வட்டம் வட்டமா வெள்ளையா இருக்கே, அது டியூப் போறதோட அறிகுறியா?

சுருள்சுற்றி
14.2ஆ, அருமை. அகலத்துக்கு காயிலை திரும்ப கழட்டாதீங்க. பிஎல்36 ஸ்கிரீன் வோல்டேஜ் என்ன வருதுன்னு பாருங்க, எச்டி சப்ளை (வால்வுகளுக்கு போற மெயின் டிசி, ஈஎச்டி இல்ல) சர்க்யூட்ல போட்ட அளவுக்கு வருதான்னும் பாருங்க. ரெக்டிஃபையர் செலினியமா இருந்தா அது தான் காரணமா இருக்கும், வயசான செலினியம்ல வோல்டேஜ் நெறைய விழும். சிலிக்கான் டையோடு போடுங்க, ஆனா நேரா போட்டா எச்டி தேவைக்கு மேல ஏறிடும், வரிசைல வயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒண்ணு போட்டு சர்க்யூட்ல இருக்குற வோல்டேஜுக்கு இறக்குங்க. செலினியம் எரிஞ்சா வர்ற புகை விஷம், நாத்தத்துலயே தெரியும், அதுக்காகவே மாத்தலாம்.

அதுவும் சரின்னா பிஎல்36 வேற ஒண்ணு போட்டு பாருங்க, அவ்ளோ நேரம் சிவந்து கெடந்த வால்வு, பாதி எமிஷன் போயிருக்கும்.

ஈயப்புகை
அந்த வெள்ளை வட்டம் டியூபுக்குள்ள இல்ல, பயப்படாதீங்க. முன்னாடி இருக்குற பாதுகாப்பு கண்ணாடியை டியூபோட ஒட்டுன பசை வயசாகி பிரியுது, கேட்டராக்ட்னு சொல்வாங்க. ஓரத்துல மட்டும்னா விட்டுடுங்க. நடுவுக்கு வந்தப்புறம் டியூபை கழட்டி, சூடு கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி பசையை இளக்கி கண்ணாடியை பிரிக்கணும், கழுத்துல சின்ன அடி பட்டாலும் வேக்குவம் போயிடும், கண்ணுக்கு கவசமும் கனமான உடுப்பும் இல்லாம தொடக்கூடாத வேலை. அதுக்கு தனி இழை இருக்கு, அதை முழுசா படிச்சுட்டு தான் கை வைக்கணும்.

திரைவெளிச்சம்
செலினியம் தான். பிஎல்36 ஸ்கிரீன் கிரிட்லயும் வோல்டேஜ் கம்மியா தான் இருக்கு. மாத்திட்டு சொல்றேன். வைண்டிங் புரோகிராமை எங்க போடணும்னு மாடரேட்டர் யாராவது சொல்லுங்க.

ஓல்டுஸ்டாக்
இங்கயே போடுங்க, கூடவே கோர் அளவு, கேப் காகிதத்தோட தடிமன், டயரோட அகலம், வெளிவிட்டம் எல்லாம் எழுதுங்க. உங்க காயில் நம்பரையும் சேத்து எழுதுங்க, அடுத்து அதே நம்பரை போட்டு தேடுறவருக்கு இதாவது சிக்கட்டும்.